கோம்பையும் ஸ்பேனியலும்: வேட்டை நாய் வீட்டு நாயான வரலாறு

கோம்பை நாய், தேனி மாவட்டம் உத்தமபாளையம் வட்டத்திலுள்ள கோம்பை என்னும் ஊரின் பெயரால் அறியப்படும் நாட்டு நாய் இனம். ஸ்பேனியல், ஐரோப்பாவில் பறவை வேட்டைக்காக உருவான ஒரு நாய்க் குடும்பத்தின் பொதுப்பெயர். காக்கர், ஸ்பிரிங்கர், கிங் சார்லஸ், கேவலியர் எனப் பல இனங்கள் இக்குடும்பத்தில் உண்டு.

பார்வைக்கு இரண்டுக்கும் ஒற்றுமை இல்லை. கோம்பை குட்டை முடியும் இறுகிய உடலும் கொண்டது. அயலாரை அண்ட விடாதது. ஸ்பேனியல் தொங்கு காதும் பட்டுப்போன்ற முடியும் கொண்டது. வந்தவர் போனவர் எல்லோரிடமும் வாலாட்டுவது. ஆனால் இரண்டின் வரலாறும் ஒரே தடத்தில் செல்கிறது. இரண்டையும் உருவாக்கியது வேட்டை. வேட்டை குறைந்ததும் இரண்டும் வீட்டுக்குள் வந்தன. ஸ்பேனியல் முன்னதாக வந்தது. அதனால் அதற்கு நேர்ந்த நன்மையும் கேடும் பதிவாகியிருக்கின்றன. கோம்பை இப்போதுதான் வந்துகொண்டிருக்கிறது. ஆகவே கம்பம் பள்ளத்தாக்கிலோ, பெரியகுளத்தை அடுத்த ஜெயமங்கலம் போன்ற வராக நதிக்கரை ஊர்களிலோ வீட்டுக்கு ஒரு நாய் தேடும் குடும்பத்துக்கு ஸ்பேனியலின் வரலாறும் பயன்படும். கோம்பையின் வரலாறும் பயன்படும்.

இனத்துக்கு முந்தைய நாய்

மனிதன் பழக்கிய முதல் விலங்கு நாய். குறைந்தது 15,000 ஆண்டுகளாக அது மனிதனோடு வாழ்ந்து வருகிறது. ஆனால் 'இனம்' என்று இன்று நாம் சொல்லும் பொருள் மிக அண்மையது. ஒரு நாயின் தாய், தந்தை, பாட்டன் பெயர்களைப் பதிவேட்டில் எழுதி, உயரம், நிறம், காது, வால் ஆகியவற்றுக்கு அளவு வகுத்து, அந்த அளவுக்குள் வருவதையே அந்த இனம் என்று ஏற்கும் வழக்கம் 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் நிலைபெற்றது. லண்டனில் கென்னல் கிளப் தொடங்கப்பட்ட ஆண்டு 1873.

அதற்கு முன் நாய் அறியப்பட்டது அது செய்யும் வேலையால். தமிழ்நாட்டில் இதற்கு நல்ல சான்று, செங்கம் பகுதியில் உள்ள எடுத்தனூர் நடுகல். முதலாம் மகேந்திரவர்மன் காலத்தைச் சேர்ந்த அந்த நடுகல், கருந்தேவக்கத்தி என்னும் வீரனின் நினைவாக நிறுத்தப்பட்டது. வீரனின் உருவத்தருகே ஒரு நாயின் உருவமும் செதுக்கப்பட்டுள்ளது. நாயின் பெயர் கோவிவன் என்றும், அது இரண்டு கள்வரைக் கடித்துக் காத்து நின்றது என்றும் கல்வெட்டு தெரிவிக்கிறது. நாயின் பெயர் இருக்கிறது. அது செய்த காரியம் இருக்கிறது. எந்த இனம் என்ற பேச்சே இல்லை. கல்லில் பொறிக்கும் அளவுக்கு மதிக்கப்பட்ட நாயைப் பற்றி அக்காலத்தவர் சொல்லத் தகுந்ததாகக் கருதியது அவ்வளவுதான்.

சங்க இலக்கியத்தில் நாயைக் குறிக்க ஞமலி, ஞாளி ஆகிய சொற்களும் வழங்கின. குறிஞ்சி, முல்லை நிலப் பாடல்களில் வேட்டுவரோடு செல்லும் நாய்கள் பலமுறை வருகின்றன. மலையடிவார மக்களுக்கு நாய் வேட்டைத்துணை. மேய்ச்சல் நில மக்களுக்குக் கிடைக்காவல். பிற்காலத்துக் கோம்பை நாய் இவ்விரண்டு வேலையையும் செய்தது.

கோம்பை: ஊரும் பாளையமும்

மூன்று புறமும் மலை சூழ்ந்த பள்ளமான இடத்தைக் கோம்பை என்று சொல்வது தமிழ் வழக்கு. உத்தமபாளையத்துக்கு மேற்கே, மேற்குத் தொடர்ச்சி மலையின் காலடியில் இருக்கும் கோம்பைக்கு அந்தப் பெயர் பொருந்தும். ஊருக்கு மேலே கேரள எல்லையில் ராமக்கல்மேடு இருக்கிறது. அங்கிருந்து கீழே பார்த்தால் கோம்பையும் தேவாரமும் வயல்களும் விரிந்து கிடக்கும். மலைக்காடும் சமவெளி விவசாயமும் சந்திக்கும் விளிம்பு அது. காட்டுப்பன்றி, மான், காட்டுமாடு, சிறுத்தை எல்லாம் காட்டின் பக்கம். பயிரும் மாட்டுத்தொழுவும் ஊரின் பக்கம். இரண்டுக்கும் இடையில் நிற்பதற்கு ஒரு நாய் வேண்டியிருந்தது.

16ஆம் நூற்றாண்டில் மதுரை நாயக்கர் ஆட்சியில் நாடு 72 பாளையங்களாகப் பிரிக்கப்பட்டது என்பது மரபு. விசுவநாத நாயக்கரும் தளவாய் அரியநாத முதலியாரும் இந்த ஏற்பாட்டைச் செய்தவர்களாகக் கருதப்படுகிறார்கள். கம்பம் பள்ளத்தாக்கிலும் அதைச் சுற்றிலும் போடிநாயக்கனூர், கோம்பை, எரசக்கநாயக்கனூர், கண்டமனூர் முதலிய இடங்களில் பாளையக்காரர்களும் பின்னாளில் ஜமீன்தார்களும் இருந்தனர். பாளையக்காரரின் கடமைகளில் ஒன்று காவல். காட்டோரப் பாதைகளையும் கால்நடைகளையும் காக்க ஆளும் வேண்டும், நாயும் வேண்டும். வேட்டை அவர்களின் பொழுதுபோக்கு மட்டுமல்ல, அதிகாரத்தின் அடையாளமும்கூட. ஆங்கிலேயர் தென்னாட்டு வேட்டை நாய்களைப் பற்றி எழுதியபோது 'பாளையக்கார நாய்' என்றே பொதுவாகக் குறிப்பிட்டனர்.

கம்பம் பள்ளத்தாக்கில் கன்னடம் பேசும் கால்நடைச் சமூகத்தாரும் நெடுங்காலமாக வாழ்கின்றனர். கம்பம் நந்தகோபாலன் கோயிலைச் சார்ந்த தம்பிரான் மாட்டுத்தொழு இன்றும் பொங்கலின்போது மக்கள் வழிபடும் இடம். மலைக்குச் சென்று மேய்ந்து திரும்பும் மலைமாட்டு மந்தைகள் இந்தப் பகுதிக்கே உரியவை. ராத்திரி கிடையில் சிறுத்தையின் வாடை வந்தால் முதலில் எழுவது நாய்தான். ஆகவே கோம்பையை வளர்த்தவர் ஜமீன்தார் மட்டுமல்ல. மாடு மேய்ப்பவரும் தோட்டக்காரரும் வளர்த்தனர். ஒரு நல்ல கோம்பை நாயைக் கொடுத்துக் குதிரையை வாங்கினார்கள் என்றொரு வாய்மொழிக் கதை உண்டு. கதை எப்படியாயினும், ஒரு காலத்தில் அந்த நாய்க்கு இருந்த மதிப்பை அது சொல்கிறது.

வேலைக்கு ஏற்ற உடல் அமைந்தது. செவலை அல்லது பழுப்பு நிறம், கறுத்த மூஞ்சி, அகன்ற மண்டை, வலுவான தாடை, ஆழ்ந்த மார்பு, தோலோடு ஒட்டிய குட்டை முடி. சில நாய்களுக்கு முதுகெலும்பின் மேல் முடி எதிர்த்திசையில் படிந்து ஒரு கோடுபோல நிற்கும். சமவெளிக் கரிசல் காட்டில் முயலைத் துரத்தப் பிறந்த சிப்பிப்பாறை, கன்னி நாய்கள் ஒல்லியானவை, நீண்ட காலும் குறுகிய இடுப்பும் கொண்டவை. அவற்றின் பலம் வேகம். கோம்பையின் பலம் பிடி. பன்றியை எதிர்த்து நிற்கவும், ஆள் வந்து சேரும்வரை அதை நகரவிடாமல் மடக்கவும் அது பழகியது.

மனத்தின் அமைப்பும் வேலைக்கு ஏற்றபடி வந்தது. ஒரு வீட்டாரை மட்டும் தனதென்று கொள்ளும். அயலாரைச் சந்தேகிக்கும். ஆபத்து என்று தான் கருதியதை யாரும் ஏவாமலே எதிர்க்கும். காட்டோரத் தோட்டத்தில் இவை எல்லாம் குணம். நெருக்கமான தெருவில் இவையே சிக்கலாகலாம்.

ஸ்பேனியல்: வலையிலிருந்து துப்பாக்கிக்கு

இனி மறு பக்கம். ஸ்பேனியல் என்ற பெயர் ஸ்பெயின் நாட்டைக் குறிப்பதாகப் பொதுவாகச் சொல்வார்கள். 14ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிரெஞ்சுப் பிரபு காஸ்தோன் ஃபேபூஸ் எழுதிய வேட்டை நூலில் இந்த நாய்கள் இடம்பெறுகின்றன. 1570இல் ஆங்கிலேய மருத்துவர் ஜான் கேயஸ் பிரிட்டனின் நாய்களைப் பற்றி லத்தீனில் ஒரு நூல் வெளியிட்டார். அதில் அவர் பறவை வேட்டை நாய்களை நிலத்தில் வேலை செய்பவை, நீரில் வேலை செய்பவை என்று பிரித்தார். நிறத்தையோ காதின் நீளத்தையோ கொண்டு பிரிக்கவில்லை.

துப்பாக்கி பரவுவதற்கு முன், ஸ்பேனியல் புதருக்குள் மோப்பம் பிடித்துப் பறவை இருக்கும் இடத்தைக் காட்டும். வேட்டைக்காரர் வலை வீசுவார். அல்லது வல்லூறைப் பறக்க விடுவார். துப்பாக்கி வந்தபின் வேலை மாறியது. புதரிலிருந்து பறவையைக் கிளப்ப வேண்டும்; சுட்டு விழுந்ததைக் கடித்துக் குதறாமல் கவ்விக் கொண்டுவர வேண்டும். உட்காக் என்னும் பறவையை வேட்டையாட உதவிய சிறிய நாய் காக்கர் ஆயிற்று. இரையைத் துள்ளிக் கிளம்பச் செய்தது ஸ்பிரிங்கர் ஆயிற்று. ஒரு காலத்தில் இவை இரண்டும் தனித்தனி இனங்கள் அல்ல. ஒரே ஈற்றில் பிறந்த குட்டிகளில் சிறியதைக் காக்கர் என்றும் பெரியதை ஸ்பிரிங்கர் என்றும் எடை பார்த்து அழைத்தனர்.

இந்த வேலை கேட்ட குணம் கோம்பையிடம் எதிர்பார்த்த குணத்துக்கு நேர் மாறானது. நாள் முழுவதும் மனிதனை ஒட்டியே ஓட வேண்டும்; அவன் சைகையைப் பார்க்க வேண்டும்; பல வேட்டைக்காரர்களுக்கும் பல நாய்களுக்கும் நடுவில் சண்டையிடாமல் இருக்க வேண்டும்; வாயில் பிடித்ததைக் கேட்டவுடன் கொடுக்க வேண்டும். இதிலிருந்துதான் ஸ்பேனியலின் புகழ்பெற்ற சாதுவான சுபாவம் வந்தது. அது வீட்டுக்கென்று படைக்கப்பட்ட சுபாவம் அல்ல. வேட்டைக்காக வளர்த்த குணம் வீட்டுக்கும் பொருந்திப்போனது. கூடவே இன்னொன்றும் வந்தது: நாள் முழுவதும் ஓடும் தெம்பு. ஓட இடமில்லாத ஸ்பேனியல் குரைக்கும், மெத்தையைக் கிழிக்கும், சுவரைச் சுரண்டும்.

அரண்மனைகளில் மடியில் வைத்துக் கொஞ்சிய சிறு ஸ்பேனியல்களும் இருந்தன. 1660 முதல் 1685 வரை இங்கிலாந்தை ஆண்ட இரண்டாம் சார்லஸ் மன்னர் இவற்றின் மேல் கொண்ட பிரியத்தால் அவற்றுக்குக் கிங் சார்லஸ் ஸ்பேனியல் என்ற பெயரே வந்தது.

மலைவாச ஊர்களும் வெளிநாட்டு நாயும்

கோம்பையின் உலகத்துக்குள் மேல்நாட்டு நாய் வந்து சேர்ந்த வழி, மலைவாச ஊர்களின் வழி. 1845இல் அமெரிக்க மதப்பணியாளர்கள் கொடைக்கானலில் முதல் வீடுகளைக் கட்டினர். 1914க்குப் பின் மோட்டார் சாலை அமையும்வரை, மலையேற வந்தவர்கள் பெரியகுளம் வட்டாரத்துக்கு வந்து, அடிவாரத்திலிருந்து நடந்தோ குதிரையிலோ டோலியிலோ ஏறினர். ஜெயமங்கலம் இருப்பது அந்த அடிவாரத்துக்கு அருகில்தான். பழனி மலையை அளந்து எழுதிய டக்ளஸ் ஹாமில்டன் போன்ற படை அதிகாரிகள் பெரும் வேட்டைக்காரர்களாகவும் இருந்தனர். நீலகிரியில் இங்கிலாந்திலிருந்து வரவழைத்த வேட்டை நாய்க் கூட்டத்தைக் கொண்டு நரி வேட்டை நடந்தது. ஊட்டியில் கோடைதோறும் நடக்கும் நாய்க் கண்காட்சி அந்தக் காலத்தின் தொடர்ச்சி.

மலையின் குளிர், நீண்ட முடி கொண்ட நாய்களுக்குத் தோதாக இருந்தது. அதைவிட முக்கியமான மாற்றம் மனிதர்களின் மனத்தில் நிகழ்ந்தது. துரை வீட்டு நாய்க்குச் சங்கிலியும் கழுத்துப்பட்டையும் பெயரும் இருந்தன; காகிதத்தில் வம்சாவளியும் இருந்தது. தோட்டத்து நாய்க்குக் காகிதம் இல்லை. சீமை நாய் என்றால் உயர்ந்தது, நாட்டு நாய் என்றால் தெருநாய் என்ற எண்ணம் படிப்படியாக வேரூன்றியது. சுதந்திரத்துக்குப் பிறகும் நகரத்து நடுத்தர வீடுகள் நாய் என்று தேடியது அல்சேஷன், பொமரேனியன், டாபர்மேன், காக்கர் ஸ்பேனியல் ஆகியவற்றையே.

நாட்டு நாய்களை இனங்களாக எண்ணி எழுதியவர்கள் சிலரே. மேஜர் டபிள்யூ. வி. சோமனின் இந்திய நாய்கள் பற்றிய ஆங்கில நூல் 1963இல் வந்தது. பல ஆண்டுகளுக்குப் பின், சூழலியல் எழுத்தாளர் சு. தியடோர் பாஸ்கரன் இந்திய நாயினங்களைப் பற்றி எழுதிய ஆங்கில நூல் 2017இல் வெளிவந்து பரவலான கவனம் பெற்றது.

வேலை போன பின்

1972ஆம் ஆண்டின் வனவுயிர் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைக் குற்றமாக்கியது. காட்டுயிர்களுக்கு அது அவசியமான சட்டம். அதே சமயம் வேட்டை நாய்களின் பிழைப்புக்கு அது முற்றுப்புள்ளி. மதுரை, தேனிப் பகுதிகளில் சிவராத்திரியை ஒட்டி நடந்துவந்த பாரிவேட்டையையும் இன்று வனத்துறை தடுக்கிறது. 2021இல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம் அறிவிக்கப்பட்டது. அதன்பின் மலைமாடுகளைக் காட்டில் மேய்ப்பதற்கும் கட்டுப்பாடுகள் இறுகின. வேட்டைக்குப் பின் கோம்பைக்கு மிஞ்சியிருந்த கிடைக்காவலும் இதனால் சுருங்கிவருகிறது.

வேலை இருக்கும்வரை, எந்த நாயை இனம் பெருக்குவது என்பதை வேலையே தீர்மானித்தது. பன்றியைக் கண்டு பின்வாங்கிய நாய்க்கும், வீட்டாரையே கடித்த நாய்க்கும், நாலு மைல் ஓடி மூச்சு வாங்கிய நாய்க்கும் குட்டி கேட்டு யாரும் வரமாட்டார்கள். எவரும் எழுதி வைக்காத விதி அது. வேலை போனதும் அந்த விதியும் போயிற்று. அதன் இடத்தில் நிறம், உயரம், முரட்டுத் தோற்றம், விலை ஆகியவை வந்து உட்கார்ந்தன.

இதனால் என்ன ஆகும் என்பதை ஸ்பேனியல்கள் முன்பே காட்டிவிட்டன.

அழகு கொண்டுவந்த நோய்

அமெரிக்காவில் 1930களின் நடுப்பகுதியிலிருந்து 1950களின் தொடக்கம்வரை மிக அதிகமாகப் பதிவான இனம் காக்கர் ஸ்பேனியல். 'மை ஓன் புரூசி' என்ற கறுப்புக் காக்கர் 1940, 1941 ஆகிய இரண்டு ஆண்டுகளும் நியூயார்க் வெஸ்ட்மின்ஸ்டர் கண்காட்சியில் முதற்பரிசு பெற்றது. 1955இல் வால்ட் டிஸ்னியின் கார்ட்டூன் படம் ஒன்றில் காக்கர் கதாநாயகியானது. கண்காட்சிக்காக முடி மேலும் நீண்டது, மூக்கு குறுகியது, தலை உருண்டது. மாற்றம் எவ்வளவு பெரிதென்றால், 1946இல் அமெரிக்கக் கென்னல் கிளப் ஆங்கிலக் காக்கரைத் தனி இனமாகப் பிரித்துவிட்டது. தரையைத் தொடும் முடியோடு எந்தப் புதருக்குள்ளும் போக முடியாது. கேட்டவர்களுக்கெல்லாம் கொடுக்க அவசரமாகக் குட்டிகள் பெருக்கப்பட்டன. கண் நோயும் காது நோயும் மட்டுமல்ல, எரிச்சலும் பயமும் கொண்ட சுபாவமும் பெருகின. சாதுவான குணத்துக்காக வாங்கப்பட்ட நாய் அந்தக் குணத்தையே இழக்கத் தொடங்கியது.

கேவலியர் கிங் சார்லஸ் ஸ்பேனியலின் கதை இன்னும் வருத்தமானது. 1926இல் ராஸ்வெல் எல்ட்ரிட்ஜ் என்ற அமெரிக்கர், பழைய ஓவியங்களில் இருப்பதுபோல நீண்ட மூக்குள்ள சிறு ஸ்பேனியலைக் கொண்டுவருவோருக்கு லண்டன் கிரஃப்ட்ஸ் கண்காட்சியில் 25 பவுண்டு பரிசு அறிவித்தார். அதிலிருந்து கேவலியர் உருவாகி, 1945இல் தனி இனமாக ஏற்கப்பட்டது. குழந்தைகளுக்கு இதைவிடப் பொருத்தமான நாய் இல்லை என்று பெயரெடுத்தது. ஆனால் தொடக்கத்தில் இருந்த நாய்கள் மிகச் சில. அவற்றின் வாரிசுகளுக்குள்ளேயே இனப்பெருக்கம் நடந்ததால் இதய வால்வு நோய் இனம் முழுவதும் பரவியது. பத்து வயதுக்குள் பெரும்பாலான கேவலியர்களிடம் அந்நோய் தென்படுகிறது. மூளைக்கு மண்டையோட்டில் போதிய இடமில்லாத குறையும் இந்த இனத்தில் அதிகம். 2023இல் நார்வே உச்ச நீதிமன்றம், இன்றைய நிலையில் இந்த இனத்தைப் பெருக்குவது விலங்கு நலச் சட்டத்துக்கு எதிரானது என்று தீர்ப்பளித்தது. நாயின் குணத்தில் யாரும் குறை காணவில்லை. குறை, மனிதர் அதைப் பெருக்கிய முறையில் இருந்தது.

இது சீமை நாய்களுக்கு மட்டும் நேர்வதல்ல. ராஜபாளையம் நாயில் தூய வெள்ளை நிறமும் இளஞ்சிவப்பு மூக்கும் விரும்பிக் கேட்கப்படுகின்றன. நிறமி குறைவதோடு தொடர்புள்ள செவிட்டுத்தன்மை வெள்ளை நாய்களில் காணப்படுவது அறிந்ததே. ராஜபாளையத்திலும் காது கேளாத குட்டிகள் பிறக்கின்றன. காவலுக்கு வைத்த நாய்க்குக் காது கேட்காவிட்டால் வெள்ளை நிறத்தால் என்ன பயன்? கோம்பைக்கும் இப்போது அப்படி ஒரு தேவை உருவாகியிருக்கிறது: மேலும் உயரம், மேலும் முரடு. பெரிய உடலுக்காக வெளிநாட்டு நாய்களோடு கலப்பதும், கலப்புக் குட்டியை அசல் என்று விற்பதும் இந்தத் தேவையின் விளைவுகள்.

அரசும் நாட்டு நாயும்

சென்னை சைதாப்பேட்டையில் தமிழ்நாடு கால்நடைத் துறையின் நாய் இனப்பெருக்கப் பிரிவில் ராஜபாளையம், கோம்பை, சிப்பிப்பாறை நாய்கள் வளர்க்கப்பட்டன. 2005 ஜனவரியில் இந்திய அஞ்சல் துறை நாட்டு நாய்களுக்கு நான்கு தபால்தலைகள் வெளியிட்டது. ராஜபாளையம், முதோல், ராம்பூர், இமாலய மேய்ச்சல் நாய் ஆகியவை அவற்றில் இடம்பெற்றன; கோம்பைக்கு இடம் கிடைக்கவில்லை. கர்னாலில் உள்ள தேசிய விலங்கு மரபு வளப் பணியகம் முதன்முதலாகப் பதிவு செய்த மூன்று நாயினங்கள் ராஜபாளையம், சிப்பிப்பாறை, முதோல். அந்த மூன்றிலும் கோம்பை இல்லை.

2020 ஆகஸ்டில் பிரதமர் தமது வானொலி உரையில் நாட்டு நாய்களை வளர்க்குமாறு கேட்டுக்கொண்டபோது கோம்பையின் பெயரும் சொல்லப்பட்டது. நாட்டு நாய்க் குட்டிகளுக்குக் கேள்வி கூடியது. கேள்வி கூடுவது நல்லதா கெட்டதா என்பது யார் வாங்குகிறார், எதற்காக வாங்குகிறார் என்பதைப் பொறுத்தது. 2003இல் ஹட்ச் கைபேசி விளம்பரத்தில் வந்த பக் நாய்க்கு நேர்ந்ததை நாடே பார்த்தது. சிறுவனின் பின்னால் நடந்த அந்த நாயைக் கேட்டு வாங்கியவர்களில் பலர், அதன் தட்டை மூக்கு நம் வெயிலில் மூச்சுக்குத் திணறும் என்பதை வாங்கிய பின்தான் அறிந்தனர். 2024இல் தமிழ்நாடு அரசு வெளியிட்ட நாய் இனப்பெருக்கக் கொள்கை, இந்தத் தட்பவெப்பத்துக்கு ஒவ்வாதவை என்று 11 வெளிநாட்டு இனங்களைப் பட்டியலிட்டது. பக், சைபீரியன் ஹஸ்கி, செயின்ட் பெர்னார்ட் ஆகியவை அதில் உள்ளன. கோம்பை உள்ளிட்ட நாட்டு இனங்களைக் காப்பதும் அந்தக் கொள்கையின் நோக்கம்.

வீட்டுக்கு எந்த நாய்?

ஜெயமங்கலம் போன்ற ஓர் ஊரில் இரண்டு வகை வீடுகள் உண்டு. ஒன்று, சுவரோடு சுவர் ஒட்டிய தெரு வீடு. மற்றது, தென்னையும் வாழையும் நடுவே இருக்கும் தோட்டத்து வீடு. ஒரே நாய் இரண்டுக்கும் ஒரேபோல் பொருந்தாது.

தோட்டத்து வீட்டுக்குக் கோம்பை பொருத்தம். ஓட இடமுண்டு, காவல் வேலையுண்டு, வருவோர் போவோர் குறைவு. அங்கும் குட்டிப் பருவத்திலேயே பல மனிதர்களையும் வண்டிச் சத்தத்தையும் மற்ற கால்நடைகளையும் பார்த்துப் பழக வேண்டும். 'கோபம் வரட்டும்' என்று நாள் முழுவதும் சங்கிலியில் கட்டி வைப்பதால் காவல் நாய் உருவாகாது. பயந்து கடிக்கும் நாய்தான் உருவாகும். பால்காரரும் தபால்காரரும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும் எந்நேரமும் நுழையும் தெரு வீட்டில் கோம்பையை வைத்திருக்க முன் அனுபவமும் நேரமும் வேண்டும். நாய் வளர்த்தே அறியாதவர் முதல் நாயாக அதை எடுக்காமல் இருப்பது நாய்க்கும் நல்லது, தெருவுக்கும் நல்லது.

ஸ்பேனியல் மனிதரோடு எளிதில் ஒட்டிக்கொள்ளும். ஆனால் அது கேட்கும் உழைப்பு வேறு. நாய் நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைப்பதன் மூலமே பெரும்பாலும் உடல் சூட்டைத் தணிக்கிறது. கோடையில் கம்பம் பள்ளத்தாக்கின் கீழ்ப்பகுதியிலும் பெரியகுளத்துச் சமவெளியிலும் நண்பகல் வெயிலில் அடர்ந்த முடி அதற்குப் பாரம். முடியைக் குறைவாக வெட்டி வைக்க வேண்டும். நடையை விடியற்காலைக்கும் மாலைக்கும் மாற்ற வேண்டும். தொங்கு காதுக்குள் காற்று புகாது. ஈரம் தங்கினால் புண்ணும் நாற்றமும் வரும். குளிப்பாட்டியதும் காதைத் துடைத்து உலர்த்துவது வாரந்தோறும் தவறக் கூடாத வேலை. நீண்ட முடிக்குள் உண்ணி ஒளிந்துகொள்ளும். உண்ணியால் வரும் காய்ச்சல் நாயின் உயிரையே எடுக்கும். குட்டை முடியுள்ள நாட்டு நாய்க்கும் அந்தக் காய்ச்சல் வரும். ஆனால் உண்ணி சீக்கிரம் கண்ணில் படும்.

எந்த நாயானாலும் குட்டியை மட்டும் பார்த்து முடிவு செய்யக் கூடாது. தாயைப் பார்க்க வேண்டும்; முடிந்தால் தந்தையையும். தாய் எப்படிப் பழகுகிறது, காது கேட்கிறதா, தோல் சுத்தமாக இருக்கிறதா என்பவை வம்சாவளிக் காகிதத்தைவிட அதிகம் சொல்லும். கேவலியர் என்றால் பெற்றோரின் இதயப் பரிசோதனை பற்றிக் கேட்க வேண்டும். வெள்ளை ராஜபாளையம் என்றால் குட்டியின் பின்னால் நின்று கைதட்டிப் பார்க்கலாம். 2017ஆம் ஆண்டின் மத்திய அரசு விதிகளின்படி எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கக் கூடாது. தாயிடமும் உடன்பிறந்த குட்டிகளிடமும் இருந்து எவ்வளவு அழுத்திக் கடிக்கலாம் என்பதை நாய் கற்றுக்கொள்ளும் காலம் அது. மூன்று மாதத்தில் வெறிநாய்க்கடித் தடுப்பூசி போட்டு, மருத்துவர் சொல்லும் இடைவெளியில் தொடர வேண்டும்.

இந்தக் கேள்விகளை எல்லாம் கேட்ட பின், எந்த இனமும் வேண்டாம் என்ற முடிவுக்கும் ஒரு குடும்பம் வரலாம். தெருவில் பிறந்த குட்டியை எடுத்துத் தடுப்பூசி போட்டு வளர்ப்பதும் நல்ல தேர்வே. இந்த மண்ணின் வெயிலுக்கு அதைப் பழக்க வேண்டியதில்லை.

இனம் எங்கே காக்கப்படுகிறது

ஓர் இனத்தைத் தபால்தலையோ பதிவேடோ மட்டும் காத்துவிட முடியாது. எந்தக் குட்டியை மக்கள் கேட்கிறார்கள் என்பதைப் பார்த்தே வளர்ப்பவர் அடுத்த ஈற்றுக்கு நாய்களைத் தேர்கிறார். முரட்டு மூஞ்சி கேட்டால் முரட்டு மூஞ்சி பெருகும். நல்ல காதும் நிதானமும் காவல் புத்தியும் கேட்டால் அவை பெருகும். வேட்டை செய்துவந்த அந்தத் தேர்வு இப்போது குட்டி வாங்க வரும் குடும்பங்களின் கைக்கு வந்திருக்கிறது. ஸ்பேனியலின் உலகில் இதை உணர்வதற்குள் பல தலைமுறை நாய்கள் நோயோடு பிறந்துவிட்டன. கோம்பைக்கு இன்னும் காலம் இருக்கிறது. கோம்பை ஊரைச் சுற்றிய தோட்டங்களில், காகிதம் எதுவும் இல்லாமல், ராத்திரிக் காவலுக்கு இன்றும் எழுந்து நிற்கும் நாய்களிடமிருந்துதான் அந்த இனம் தொடர வேண்டும்.